நீருக்குத் தப்பிய வீடு

ஜப்பானின் யோகோஹாமா துறைமுக நகரில் சாங்கேயென் என்னும் பெருந்தோட்டம் ஒன்று உண்டு. பட்டு வாணிபத்தில் பெரும்பொருள் ஈட்டிய ஹாரா தோமித்தாரோ என்பார் அதனை அமைத்து, 1906இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். நம் நாட்டார்க்கு அவ்விடம் முற்றிலும் அந்நியமானதன்று. 1916இல் ஜப்பானுக்குச் சென்ற கவி ரவீந்திரநாத தாகூர் அங்கு ஹாராவின் விருந்தினராகத் தங்கினார். 'ஸ்ட்ரே பேர்ட்ஸ்' என்னும் தம் நூலை அவருக்கே காணிக்கையாக்கினார். எனினும் நாம் இங்குக் கருதப் புகுவது, அத்தோட்டத்தில் தாகூர் கண்டிராத ஒரு வீட்டைப்பற்றி. அந்நாளில் அவ்வீடு நெடுந்தொலைவில், ஹீதா மலைநாட்டின் ஷோகாவா ஊர்ப்புறத்தில், தான் பிறந்த மண்ணிலேயே நின்றது.

அது யானோஹாரா குடும்பத்தாரின் இல்லம். ஏறத்தாழ 1750ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டப்பெற்றது. அதன் புற்கூரை செங்குத்தாக எழுகின்றது. இரு புறத்துக் கைமரங்களும் உச்சியில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்பதால், இவ்வகைக் கட்டடத்தைக் 'கஷ்ஷோ' என்பர். கைகூப்புதல் என்பது அச்சொல்லின் பொருள். பெயர் பக்தியைக் குறித்தாலும் வடிவத்தின் காரணம் பனியே. அம்மலைகளில் ஆளுயரத்துக்குமேல் பனி குவியும். சரிவு குறைந்த கூரை அப்பாரத்தைத் தாங்காது. கூரைச் சட்டத்தை ஆணியால் அறையாமல், கயிற்றாலும் வளைந்துகொடுக்கும் இளங்கொம்புகளாலும் பிணைத்தனர். காற்றடித்தால் அது சற்றே அசையும், முறியாது.

பள்ளத்தாக்கில் நெல்விளையும் நிலம் குறைவு. ஆதலின் இத்தகைய வீடுகளில் கூரைக்கடியிலுள்ள விரிந்த மச்சிலே பட்டுப்புழு வளர்த்தனர். கீழே எரியும் கணப்பின் வெம்மை மேலே சென்று புழுக்களைக் காத்தது. நாட்டுப்புறத்துக் குடும்பங்கள் இவ்வாறு வளர்த்த பட்டே யோகோஹாமாவின் ஏற்றுமதியைச் செழிக்கச் செய்தது. உயர்ந்தோர் வருங்கால் அமர்வதற்கென யானோஹாரா இல்லத்தில் தனியே அழகிய அறைகளும் உண்டு. வீட்டார் தாமே அவற்றில் எத்தனை நாள் அமர்ந்தனரோ!

போருக்குப் பின்னர் ஜப்பானுக்கு மின்சாரம் பெரிதும் தேவைப்பட்டது. ஷோ ஆற்றின் குறுக்கே மிபோரோ என்னுமிடத்தில் 131 மீட்டர் உயரமுள்ள அணை எழுந்து, 1961இல் நிறைவுற்றது. மக்கள் பல ஆண்டுகள் எதிர்த்துநின்று, முடிவில் இணங்கினர். இருநூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தன. மூழ்கவிருந்த கோயில்களின் வளாகத்திலிருந்த இரு முதிய செர்ரி மரங்களை வேரோடு எடுத்து, 1960இல் மேட்டுநிலத்தில் நட்டனர். அவை பிழைத்துப் பூத்தன. அவ்வாண்டிலேயே யானோஹாரா இல்லமும் பிரிக்கப்பெற்றுச் சாங்கேயென் தோட்டம் சேர்ந்தது. பிறந்த ஊரைவிட்டுப் பிழைக்க வந்த நம்போன்றோர்க்கு இச்செய்தி செவியளவில் நில்லாது.

இன்று எவரும் அவ்வீட்டினுள் செல்லலாம். காலணியைக் கழற்றிவிட்டு ஏறினால், நடுவே கணப்பு எரிவதைக் காணலாம். சமைப்பார் எவருமிலர், எனினும் நாள்தோறும் தீ மூட்டுகின்றனர். எழும் புகை மச்சின் இடைவெளி வழியே சென்று புல்லை உலர்த்துகின்றது, பூச்சிகளை அகற்றுகின்றது, மரங்களைக் கரியநிறமாக்குகின்றது. குடியிருப்போர் இருந்தபோது இக்காப்பு தானே நிகழ்ந்தது. இப்பொழுது அதுவே ஒரு பணியாகிவிட்டது.

கூரையை மாற்றும் வேலை இன்னும் கடினம். முன்பு ஊரார் ஒருங்குகூடி, ஒரு வீட்டாருக்கு மற்றொரு வீட்டார் கைம்மாறாக உழைத்துக் கூரை வேய்ந்தனர். 'யூயி' என்பது அவ்வழக்கத்தின் பெயர். வீட்டைப் பிரித்து ஏற்றி வந்தவர்களால் அதனை ஏற்றிவர இயலவில்லை. ஷோ ஆற்றிலேயே, அணைக்குக் கீழே, ஷிராகவா பகுதியிலுள்ள ஓகிமாச்சி என்னும் சிற்றூர் நீருக்கு இரையாகாமல் நின்றது. 1995இல் அது உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. ஆங்குக் கஷ்ஷோ வீடுகளில் மக்கள் இன்றும் குடியிருக்கின்றனர். கூரை வேயும் நாளில் ஊரார் நூற்றுக்கு மேற்பட்டோர் ஒரே சரிவின்மீது வரிசையாக ஏறி நின்று, மாலைக்குள் முடித்துவிடுவதும் உண்டு.