விபத்துக்கு நாள் உண்டு, மனநோய்க்கு?

ஹைதராபாத்தின் காஞ்சன்பாக் பாதுகாப்பு ஆய்வு நிறுவனங்களால் அறியப்பட்ட பகுதி; கடல் அங்கிருந்து வெகு தொலைவு. அங்கு வசிக்கும் வணிகக் கப்பல் மாலுமி ஒருவர் பணியில் மனநோயுற்று வீடு திரும்புகிறார் என்று கொள்வோம். இழப்பீடு கோரி அவர் எந்த நீதிமன்றத்தை அணுகலாம்? அங்கே எதை மெய்ப்பிக்க வேண்டும்?

முதல் கேள்விக்கு 2014இல் உச்ச நீதிமன்றம் ஓரளவு விடை தந்தது. இதயத்தசை நோயால் கடற்பணிக்குத் தகுதியிழந்த பீகார் மாலுமி ஒருவரின் வழக்கு அது. நிறுவனம் மும்பையில் இருந்தாலும், கோரிக்கையை மறுத்த கடிதம் அவரது சொந்த ஊருக்கே வந்தது. ஆகவே வழக்குக் காரணத்தின் ஒரு பகுதி அங்கே எழுந்தது என்றும், பாட்னா உயர் நீதிமன்றம் அதை விசாரிக்கலாம் என்றும் தீர்ப்பாயிற்று. உள்நாட்டு ஊர்களில் வாழும் கடலோடிகளுக்கு இது சிறிய விடுதலையன்று. ஆயினும் 2021இல் அதே மாலுமி இறுதியாகத் தோற்றார். 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் பட்டியலிட்ட குறைபாடுகளுள் இதயநோய் இல்லை என்பது ஒரு காரணம்.

மனநோய் அப்பட்டியலில் இருந்தது. ஆனால் பணியாளரை நீக்கக் கூடாது என்ற அச்சட்டத்தின் 47ஆம் பிரிவு அரசு சார்ந்த நிறுவனங்களையே கட்டுப்படுத்தியது. தனியார் கப்பலில் ஒப்பந்தத்தில் செல்பவருக்கு அதனால் பயனில்லை.

இரண்டாம் கேள்வியின் வேர் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் உள்ளது. மாலுமிகளையும் உள்ளடக்கிய அச்சட்டம், வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் நேர்ந்த விபத்தையே அடிப்படையாகக் கொண்டது. அதன் தொழில்நோய்ப் பட்டியலில் ஆந்த்ராக்ஸும் ஈயநஞ்சும் இடம்பெற்றன, மனநோய் இல்லை. விபத்துக்கு நாளும் இடமும் உண்டு. கயிறு அறுந்து கை முறிந்தால் கப்பலின் நாட்குறிப்பில் பதிவாகும். உறக்கமற்ற இரவுகளையும் மேலதிகாரியின் வசைகளையும் எந்த நாட்குறிப்பும் பதிவதில்லை.

படைவீரரின் நிலை வேறாக இருந்தது. 1982ஆம் ஆண்டின் ஓய்வூதிய உரிமை விதிகளின்படி, சேரும்போது நோய்க்குறிப்பு ஏதும் பதிவாகாதவர் உடலாலும் மனத்தாலும் நலமாக இருந்தார் என்றே கொள்ளப்பட்டார். மெய்ப்பிக்கும் சுமை அவர்மீது இல்லை என்பதை 2013இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மனச்சிதைவு நோயைச் சேர்க்கையின்போது எளிதில் கண்டறிய இயலாது என்று கூறி, 2019இல் அதே நீதிமன்றம் அந்த அனுமானத்தின் வலிமையைக் குறைத்தது. இருப்பினும் அவ்விதிகளின் கீழ் வாதம் தொடங்கும் புள்ளி அவருக்குச் சாதகமாக இருந்தது. மருத்துவப் பரிசோதனையில் தேறியே கப்பலேறும் வணிக மாலுமிக்கு அந்தப் புள்ளியே கிடையாது.

இது தவிர்க்க முடியாத நிலையன்று. கப்பலில் நேர்ந்த கடுமையான நடத்தையால் மனநோயுற்ற மாலுமி ஒருவருக்கு இழப்பீடு உண்டு என்று பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. 2010இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு தன் தொழில்நோய்ப் பட்டியலில் மனநலக் கோளாறுகளை முதன்முறையாகச் சேர்த்தது. 2015இல் இந்தியா ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை நோயுற்ற மாலுமியின் மருத்துவச் செலவைக் கப்பல் உரிமையாளர்மீது சுமத்துகிறது. ஆனால் நீண்டகால இயலாமைக்கான தொகையைத் தேசியச் சட்டத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் விட்டுவிடுகிறது. அவ்விரண்டிலும் 1923இன் நிழல் இன்னும் நீங்கவில்லை.

ஆகவே கடலோடிகளின் வரலாற்றை ஆராயும் மாணவர்கள் சம்பளப் பதிவேடுகளோடும் வேலைநிறுத்தங்களோடும் நின்றுவிடலாகாது. நிராகரிக்கப்பட்ட இழப்பீட்டு மனுக்களையும் தேடிப் படிக்க வேண்டும். நாட்குறிப்பில் இடம்பெறாத துயரம் சட்டத்தின் கதவைத் தட்டியதற்கான சான்று அங்கேதான் எஞ்சியிருக்கக்கூடும்.