பகுதி ஒத்தவகைச் சொத்துப் பரிமாற்றம்

அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 1031ஆம் பிரிவுப்படி, முதலீட்டுக்கான கட்டடத்தை அதே வகைச் சொத்துக்கு மாற்றினால் ஆதாய வரி தள்ளிப்போகும். 2018 முதல் இது அசையாச் சொத்துக்கு மட்டுமே. கூடவே ரொக்கமும் கைக்கு வந்தால் அது பகுதிப் பரிமாற்றம். வரி மென்பொருளில் இதை விற்பனை ஒன்று, பரிமாற்றம் ஒன்று எனப் பிரித்துப் பதிவது பிழை. 8824ஆம் படிவத்தில் ஒரே பரிவர்த்தனையாகவே காட்ட வேண்டும். தேய்மானம் போக 3,00,000 டாலர் அடக்கவிலையுள்ள கட்டடத்தைக் கொடுத்து, 4,50,000 மதிப்புள்ள கட்டடமும் 50,000 ரொக்கமும் பெற்றால் ஆதாயம் 2,00,000. ரொக்கம் பத்தில் ஒரு பங்குதானே, ஆதாயத்திலும் அதே பங்குக்கு, அதாவது 20,000க்கு, வரி கட்டினால் போதாதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான், ஆனால் சட்டம் விகிதம் பார்ப்பதில்லை. ரொக்கம், ஆதாயம் இரண்டில் குறைந்தது முழுவதும் வரிக்குரியது: இங்கே 50,000. வரி தள்ளிப்போகும் மீதி 1,50,000 புதிய கட்டடத்தின் மதிப்பான 4,50,000இலிருந்து கழிந்து, அதன் அடக்கவிலை 3,00,000 ஆகிறது. பழைய கட்டடத்தைச் சொத்துப் பட்டியலிலும் சாதாரண விற்பனையாகக் குறித்தால், அதே ஆதாயம் இரண்டாம் முறை ஏறிவிடும்.