வெள்ளக் கண்காணிப்புக்கு லோராவான் கேட்வே: சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் எங்கே, எப்படிப் பொருத்துவது?

பினாங்கில் 2017 நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் கொட்டித் தீர்த்த மழையைச் செபராங் பிறை மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். மாநிலத்தில் 7 பேர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியிருந்தது.

ஆறுகளின் நீர்மட்டத்தை வடிகால், நீர்ப்பாசனத் துறை தொடர்ந்து அளக்கிறது. அந்த அளவுகளை 'பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்' இணையத்தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு நிலைகளாக அது காட்டும். ஆனால், உங்கள் தாமானுக்குப் பின்னால் ஓடும் கால்வாயிலும், தோட்டத்துப் பாலத்தின் அடியிலும் அரசாங்கக் கருவி இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் குடியிருப்பாளர் சங்கங்களும் தோட்டக்காரர்களும் மலிவான சென்சார்களை நாடலாம்.

சென்சார் வாங்குவது சுலபம். அது சொல்வதைக் கேட்டு இணையத்தில் சேர்க்கும் கேட்வேயைச் சரியான இடத்தில் மாட்டுவதுதான் சிரமம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

லோராவான்னா என்ன? வைஃபை மாதிரிதானா?

இல்லை. வைஃபை நிறையத் தரவைக் குறைந்த தூரத்துக்கு அனுப்பும். லோரா மிகக் குறைந்த தரவை நீண்ட தூரத்துக்கு அனுப்பும். 'நீர்மட்டம் 1.42 மீட்டர், பேட்டரி 3.6 வோல்ட்' போன்ற சில பைட்டுகள் மட்டுமே அதில் போகும். படம், காணொளி எதுவும் போகாது. அதனால்தான் ஒரு சென்சார் சின்ன பேட்டரியிலேயே பல ஆண்டுகள் ஓடுகிறது.

லோரா என்பது ரேடியோ முறை. பிரான்சின் சைக்லியோ நிறுவனம் அதை உருவாக்கியது. அமெரிக்காவின் செம்டெக் நிறுவனம் 2012-இல் சைக்லியோவை வாங்கியது. அந்த ரேடியோவின் மேல் பல நிறுவனங்களின் கருவிகளும் ஒரே மொழியில் பேசுவதற்கான விதிமுறைதான் லோராவான். 2015-இல் தொடங்கப்பட்ட லோரா அலையன்ஸ் கூட்டமைப்பு அதை நிர்வகிக்கிறது.

சென்சார் தன் அளவை வானலையில் விடுகிறது. அதைக் கேட்கும் கேட்வே இணையம் வழியாக ஒரு சர்வருக்குத் தள்ளிவிடுகிறது. தகவல் மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால், அதன் உள்ளடக்கத்தைக் கேட்வேயால் படிக்க முடியாது. அது ஒரு தபால்காரர் மாதிரி, அவ்வளவுதான்.

மலேசியாவில் லைசென்ஸ் எடுக்கணுமா?

குறுந்தூர, குறைந்த ஆற்றல் கருவிகளுக்கென மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் சில அலைவரிசைகளைப் பொதுவாகத் திறந்துவிட்டிருக்கிறது. நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பயன்படுத்தினால் தனி உரிமம் தேவையில்லை. ஆனால் கருவி இங்கே சான்றிதழ் பெற்றதாக இருக்க வேண்டும். வாங்கும்போது ஆணையத்தின் அடையாளக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

மலேசியாவுக்குரிய லோராவான் பட்டையின் பெயர் ஏஎஸ்923-1. அதன் அடிப்படை சேனல்கள் 923.2, 923.4 மெகாஹெர்ட்ஸில் உள்ளன. இணையக் கடையில் விலை குறைவாக இருக்கிறதே என்று வேறு நாட்டுப் பதிப்பை வாங்கிவிடக் கூடாது. இந்தியாவில் இதற்கான பட்டை 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை. அதனால் சென்னையிலிருந்து வாங்கி வரும் சென்சாரை இங்குள்ள கேட்வே கேட்காது. அமெரிக்கப் பதிப்பு 902 முதல் 928 வரை பரவியிருக்கிறது. அது கைப்பேசிச் சேவைகளின் 900 மெகாஹெர்ட்ஸ் பட்டையோடு மோதும்.

இன்னொரு விஷயமும் உண்டு. கைப்பேசிக் கோபுரங்கள் அந்தப் பட்டையில் 925 மெகாஹெர்ட்ஸிலிருந்து ஒலிபரப்புகின்றன. நம் சென்சார் பேசுவது 923-இல், அதாவது பக்கத்து வீட்டில். கோபுரத்துக்கு மிக அருகில் கேட்வேயை வைத்தால், பெரிய ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று மெல்லிய குரலைக் கேட்பது போலாகிவிடும். வேறு இடமே இல்லையென்றால், ஆன்டெனாவுக்கும் கேட்வேக்கும் நடுவில் அந்தப் பட்டைக்கான வடிகட்டி ஒன்று வேண்டும்.

எங்க மாட்டறது?

சிம்பாங் அம்பாட் சுற்றுவட்டாரம் பெரும்பாலும் தட்டையான நிலம். தாமான் வீடுகள், கடைவீடுகள், பத்து காவான் பக்கம் தொழிற்சாலைகள், இடையிடையே செம்பனைத் தோட்டங்கள் என்று கலந்து கிடக்கிறது. மலை மறைப்பு குறைவு என்பது நல்லது. ஆனால் செம்பனை ஒரு சிக்கல். முதிர்ந்த மரங்கள் 10 மீட்டருக்கு மேல் வளரும். மழையில் நனைந்த ஓலை சிக்னலை இன்னும் அதிகமாகத் தின்னும். நமக்குத் தகவல் மிகவும் தேவைப்படுவதோ அந்த மழை நேரத்தில்தான்.

இரண்டு முனைகளும் ஒன்றை ஒன்று 'பார்த்தால்' மட்டும் போதாது. ரேடியோ அலை ஒரு கோடாகப் போவதில்லை. நடுவில் பருத்த ஒரு சுருட்டு வடிவத்தில் பரவிப் போகிறது. 923 மெகாஹெர்ட்ஸில் 2 கிலோமீட்டர் தூரத்துக்கு அந்தச் சுருட்டின் நடு ஆரம் ஏறத்தாழ 13 மீட்டர். 5 கிலோமீட்டருக்கு 20 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது பொறியாளர்களின் பொது விதி. அப்படியானால், 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாலத்துச் சென்சாருக்கு, பாதி வழியில் சுமார் 12 மீட்டர் இடைவெளி தேவை.

ஒரு மாடி வீட்டுக் கூரையில் 2 மீட்டர் கம்பி நட்டு இதைச் சாதிக்க முடியாது. அடுக்குமாடியின் மொட்டை மாடி, பள்ளிக் கட்டடம், நான்கு மாடிக் கடைவீடு போன்ற இடங்கள் பொருத்தமானவை. கட்டட உரிமையாளரின் அல்லது கூட்டு நிர்வாக அமைப்பின் எழுத்துப்பூர்வ அனுமதி அவசியம். தனியாக உயரமான கம்பம் நட நினைத்தால் முதலில் செபராங் பிறை மாநகர் கழகத்திடம் கேளுங்கள்.

"15 கிலோமீட்டர் எடுக்கும்" என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பித் திட்டம் போடக் கூடாது. 2017-இல் வானில் பறந்த பலூனிலிருந்து ஒரு லோரா சமிக்ஞை 702 கிலோமீட்டர் எட்டியது உண்மைதான். ஆனால் பலூனுக்கு முன்னால் செம்பனையும் இல்லை, கடைவீடும் இல்லை.

கேபிளும் ஆன்டெனாவும்

பணத்தைச் சேமிக்கிறோம் என்று பலர் மெல்லிய கேபிளை இழுப்பார்கள். இந்த அலைவரிசையில் ஆர்ஜி-58 கேபிள் மீட்டருக்கு ஏறத்தாழ அரை டெசிபல் இழக்கும். 10 மீட்டர் போட்டால் 5 டெசிபல் போய்விடும். 5 டெசிபல் ஆன்டெனா வாங்கிய பலன் அப்படியே காணாமல் போகும். தடித்த எல்எம்ஆர்-400 வகையில் அதே 10 மீட்டருக்கு இழப்பு சுமார் 1.3 டெசிபல்தான்.

அதைவிட நல்ல வழி, வெளிப்புற கேட்வேயை ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே கம்பத்தில் மாட்டுவது. அதன் பெட்டி ஐபி67 தரத்தில், தூசும் நீரும் புகாததாக இருக்க வேண்டும். கீழிருந்து ஒரே நெட்வொர்க் கேபிள் போதும். பிஓஇ முறையில் அதுவே மின்சாரத்தையும் தரவையும் கொண்டுபோகும்.

ஆன்டெனா பெரிதாக இருந்தால் நல்லது என்பதும் சரியல்ல. 8 டெசிபல் ஆன்டெனா சக்தியை மெல்லிய தட்டு போலப் பரப்பும். உயரமான கட்டடத்தில் வைத்தால் அடியிலேயே உள்ள சென்சார்கள் அந்தத் தட்டுக்குக் கீழே விழுந்துவிடும். இந்த வட்டாரத்துக்கு 5 அல்லது 6 டெசிபல் போதுமானது. ஏஎஸ்923 பட்டையில் இயல்பான வெளியீட்டு உச்சம் 16 டிபிஎம், அதாவது சுமார் 40 மில்லிவாட். எனவே ஆன்டெனாவின் அளவையும் கேபிள் இழப்பையும் கேட்வேயின் அமைப்பில் சரியாகப் பதிவிட வேண்டும்.

மூட்டுகளில் நீர் புகுந்தால் சில மாதங்களில் கேபிள் பாழாகும். தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை முதலில் சுற்றி, அதன் மேல் வெயில் தாங்கும் டேப்பைச் சுற்றுங்கள். கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

சிக்னல் வீக்கா இருந்தாலும் தகவல் வருதே, போதாதா?

வெள்ளக் கண்காணிப்பில் போதாது. சிக்னல் பலவீனமானால் லோரா சென்சார் மெதுவாகப் பேசத் தொடங்கும். அந்த வேகத்துக்கு எஸ்எஃப்7 முதல் எஸ்எஃப்12 வரை படிகள் உண்டு. 10 பைட் தகவலை அனுப்ப எஸ்எஃப்7-இல் ஏறத்தாழ 60 மில்லிவினாடி ஆகும். எஸ்எஃப்9-இல் 200 மில்லிவினாடி. எஸ்எஃப்12-இல் ஒன்றரை வினாடி.

பலரும் இலவசமாகப் பயன்படுத்தும் 'தி திங்ஸ் நெட்வொர்க்' சேவையில், ஒரு சென்சார் நாளொன்றுக்கு 30 வினாடிகள் மட்டுமே பேசலாம் என்பது விதி. 15 நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் நாளுக்கு 96 தகவல்கள். எஸ்எஃப்9-இல் அதற்கு 20 வினாடிகள் போதும். எஸ்எஃப்12-க்குத் தள்ளப்பட்ட சென்சாரால் நாளுக்கு 20 தகவல்கள்தான் அனுப்ப முடியும். அதாவது 72 நிமிடத்துக்கு ஒன்று.

கனமழையில் ஒரு சிறிய கால்வாய் நிரம்பி வழிய அவ்வளவு நேரம் பிடிக்காது. ஆன்டெனாவை இன்னும் சில மீட்டர் உயர்த்துவது தூரத்துக்காக மட்டுமல்ல, எச்சரிக்கை நேரத்துக்காகவும்தான்.

மின்னல் அடிச்சா?

உலகில் இடி மின்னல் மிகுந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. உயரத்தில் நிற்கும் உலோகக் கம்பம் மின்னலுக்கு அழைப்பு வைத்த மாதிரி. கம்பத்தைத் தடித்த செப்புக் கம்பியால் நில இணைப்புடன் சேர்க்க வேண்டும். தடை 10 ஓமுக்குள் இருப்பது நல்லது. ஆன்டெனா கேபிளிலும் நெட்வொர்க் கேபிளிலும் தனித்தனியே மின்னல் தடுப்பான் வேண்டும். எல்லா நில இணைப்புகளும் கட்டடத்தின் நில இணைப்போடு ஒன்றாகச் சேர வேண்டும்.

இது உரிமம் பெற்ற வயர்மேன் செய்ய வேண்டிய வேலை. மின்கம்பிகளுக்கு அருகில் கம்பம் தூக்குவது, ஈரக் கூரையில் தனியாக ஏறுவது இரண்டும் உயிருக்கு ஆபத்து.

கரண்ட் போச்சுன்னா? நெட் போச்சுன்னா?

வெள்ளம் வரும்போது முதலில் போவது இவை இரண்டும்தான். 6 வாட் கேட்வே ஒரு நாளைக்கு 144 வாட்-மணி இழுக்கும். இரண்டு நாள் தாங்க 288 வாட்-மணி தேவை. பேட்டரியை முழுவதுமாகக் காலி செய்ய முடியாது என்பதால், 12 வோல்ட், 30 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி பொருத்தமாக இருக்கும். பேட்டரியையும் மோடத்தையும் தரைத்தளத்தில் வைக்காதீர்கள்.

இணையத்துக்கு ஃபைபர் லைனுடன் ஒரு 4ஜி சிம்மையும் சேர்த்து வைக்கலாம். சில கேட்வேகளுக்குள்ளேயே சர்வரும் இருக்கும். 'சர்ப்ஸ்டாக்' போன்ற திறந்தமூல மென்பொருளைப் பக்கத்திலேயே ஒரு சிறு கணினியிலும் ஓட்டலாம். அப்படிச் செய்தால் இணையம் அறுந்தாலும் தாமானில் உள்ள சைரனை இயக்க முடியும். 30 வினாடிக் கட்டுப்பாடும் அதற்கு இல்லை.

பதிவும் சோதனையும்

கேட்வேயின் 16 இலக்க அடையாள எண்ணைச் சர்வரில் பதிய வேண்டும். அதிர்வெண் திட்டமாக ஏஎஸ்923-1 பட்டைக்குரியதைத் தேர்ந்தெடுங்கள். 'தி திங்ஸ் நெட்வொர்க்' பயனர்கள் மலேசியாவிலிருந்து ஆஸ்திரேலிய சர்வரில் சேரலாம். வாங்கியபோது இருந்த கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

பிறகு ஒரு சென்சாரை எடுத்துக்கொண்டு, அதை நிரந்தரமாக வைக்கப்போகும் ஒவ்வோர் இடத்துக்கும் போங்கள். ஆள் நிற்கும் உயரத்தில் அல்ல, பாலத்துக்கு அடியிலேயே வைத்துப் பாருங்கள். சர்வரில் சிக்னல் அளவு மைனஸ் 120 டிபிஎம்முக்குக் கீழே போனால் அந்த இடம் நம்பத்தக்கதல்ல. வெயில் நாளில் ஒரு முறை, நல்ல மழைக்குப் பின் ஒரு முறை அளந்து ஒப்பிடுங்கள். பாலத்தில் எதையும் பொருத்துவதற்கு முன் அந்தப் பாலத்துக்குப் பொறுப்பான துறையின் அனுமதி வேண்டும்.

தகவலே வரலைன்னா என்ன அர்த்தம்?

கடைசியாகக் கவனிக்க வேண்டியது இதுதான். லோராவான் சென்சார்கள் பெரும்பாலும் 'கிடைத்ததா?' என்று கேட்பதில்லை. அனுப்பிவிட்டுத் தூங்கிவிடும். சென்சாரைத் தண்ணீர் அடித்துச் சென்றாலும், கேட்வே செத்தாலும், கைப்பேசித் திரையில் கடைசியாக வந்த அளவு அப்படியே நிற்கும். இயல்பு என்று பச்சை நிறத்தில் தெரிவது இரண்டு மணி நேரத்துக்கு முந்தைய நிலவரமாக இருக்கலாம்.

அதனால் இரண்டு எச்சரிக்கைகளை அமைக்க வேண்டும். ஒன்று, நீர்மட்டம் குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போது. மற்றொன்று, தொடர்ந்து மூன்று தகவல்கள் வராதபோது. 15 நிமிட இடைவெளியில் அது 45 நிமிடம். ஒரு சென்சார் மட்டும் மௌனமானால் அந்த இடத்தில் பிரச்சினை. எல்லாமே மௌனமானால் கேட்வேயிலோ இணையத்திலோ பிரச்சினை. எதுவானாலும் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். அது யார் என்பதை மழைக்காலத்துக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இப்படி அமைக்கும் கருவிகள் அதிகாரிகளின் அறிவிப்புக்கு மாற்று அல்ல. வெளியேறச் சொன்னால், உங்கள் திரையில் என்ன தெரிந்தாலும் வெளியேற வேண்டும். அவசர உதவிக்கு 999-ஐ அழையுங்கள்.