தப்பும் கிட்டாரும் ஒரே மேடையில்: தோட்டப் பாட்டு கடந்து வந்த பாதை

தோட்டத்தில் தப்புச் சத்தம் கேட்டால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று மாரியம்மன் கோயில் திருவிழா. இல்லையேல் லயத்தில் ஒரு சாவு. லிங்கி, லாபு, சுவா பெத்தோங், சிலியாவ் என்று நெகிரி செம்பிலானில் பால்மரம் வெட்டிய குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அந்தத் தப்போடு மின்சாரக் கிட்டாரும் கணினியும் சேர்ந்தால் பாட்டு வாழுமா, பாழாகுமா? 'இதெல்லாம் ஒரு பாட்டா?' என்று பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். 'அதெல்லாம் பழசு' என்று பிள்ளைகள் ஒதுங்கிப் போகிறார்கள். இந்த இருவருக்கும் சொல்ல வரலாற்றிடம் ஒரு பதில் இருக்கிறது.

கப்பலில் வந்த பாட்டு

சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைக்கும் ரயில் பாதை 1891ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் பின் வந்த ரப்பர் காலத்தில் இம்மாநிலத்தின் காடுகள் தோட்டங்களாயின. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தாலும் கங்காணிகள் ஆள் சேர்ப்பது நிற்கவில்லை. 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை தமிழகக் கிராமங்களிலிருந்து கப்பல் கப்பலாக மக்கள் வந்து இறங்கினர்.

அவர்கள் கொண்டு வந்த சொத்து மிகவும் குறைவு. ஆனால் தாலாட்டு, கும்மி, ஒப்பாரி, சாமி அழைக்கும் பாட்டு ஆகியவற்றுக்குச் சுங்கமும் இல்லை, எடையும் இல்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, நாள் முழுவதும் துரைக்கும் கிராணிக்கும் பயந்து வேலை செய்த மக்கள், தம் சொந்தக் குரலில் பேசியது பாட்டில்தான்.

இதே காலத்தில் அதே தமிழக மாவட்டங்களிலிருந்து இன்னொரு கூட்டம் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனது. 1964இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப முடிவு செய்தது. அந்த மக்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இந்தத் தோட்டக் கதை பின்னால் மீண்டும் வரும்.

திரும்பிப் போன இசை

தமிழ்ப் பாட்டில் இயந்திரம் நுழைந்தது புதிய செய்தி அல்ல. 1986இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினி இசையைப் பயன்படுத்தினார். 1992இல் 'ரோஜா' மூலம் ஏ.ஆர்.ரஹ்மான் அதை வீடுதோறும் கொண்டு சேர்த்தார்.

நம் நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. 1998இல் யோகி பி, லேண்ட் ஸ்லைட், பாயிண்ட் பிளாங்க், சி. லோக்கோ ஆகியோரின் 'பொயட்டிக் அம்மோ' குழு பல மொழிகளில் ராப் பாடி ஓர் ஆல்பம் வெளியிட்டது. 2006இல் யோகி பி, எம்சி ஜெஸ், டாக்டர் பர்ன் ஆகியோர் 'யோகி பி & நட்சத்திரா' என்ற பெயரில் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொடுத்தனர். மலேசியாவில் உருவான இந்தத் தமிழ் ராப் தமிழகத்து இளைஞர்களையும் ஈர்த்தது. பாட்டனார் காலத்தில் கப்பலேறி வந்த பாட்டு, பேரன் காலத்தில் குறுந்தட்டாகத் திரும்பிப் போனது என்றால் அது மிகையாகாது.

பத்தொன்பது பேர்

2016இல் வந்த 'கபாலி' திரைப்படத்தை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மலேசியத் தோட்டத் தொழிலாளர் வாழ்வைத் தொட்ட அப்படத்தின் இயக்குநர் பா.இரஞ்சித், அடுத்த ஆண்டு இசையமைப்பாளர் டென்மாவுடன் சேர்ந்து ஓர் இசைக்குழுவை உருவாக்கினார். அதன் பெயர் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. 'சாதியற்ற தமிழர்' என்று அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன கருத்திலிருந்து எடுத்த பெயர் அது.

2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 19 பேர் மேடையேறினர். அது மார்கழி மாதம். நகரின் சபாக்களில் கர்நாடக சங்கீதக் கச்சேரிகள் நடந்துகொண்டிருந்த நேரம். இந்த மேடையிலோ வடசென்னையின் கானாப் பாடகர்கள், ராப் பாடகர்கள், பறை, சட்டி மேளம், டோலக்கு, ராக் இசையின் கிட்டார், டிரம்ஸ் எல்லாம் ஒன்றாக நின்றன. கானா என்பது உழைக்கும் மக்கள் குடியிருப்புகளில் பிறந்தது. சாவு வீட்டில் இரவு முழுவதும் பாடப்படுவது. ஆண்களே பாடி வந்த அந்தக் கானாவை இக்குழுவில் பாடிய இசைவாணி, 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

எது மாறலாம், எது மாறக்கூடாது?

இப்படிச் சேர்ப்பது எளிதான வேலையா? இல்லை. தப்பின் தோலைத் தீயில் காய்ச்சித்தான் சுதி ஏற்ற வேண்டும். சூடு தணிந்தால் சத்தமும் இறங்கிவிடும். கிட்டாருக்கும் கீபோர்டுக்கும் அந்தக் கவலை கிடையாது. ஒப்பாரி பாடும் தாய், மூச்சு முட்டும் இடத்தில் நிறுத்துவார். துக்கம் பொங்கும் இடத்தில் இழுப்பார். கணினியோ நொடி பிசகாமல் தாளம் போடும். கணினிக்கு ஏற்றபடி தாயை அடக்கினால் ஒப்பாரி செத்துப் போகும். தாய்க்கு ஏற்றபடி கணினியைக் காத்திருக்க வைத்தால் பாட்டு பிழைக்கும்.

ஆக, கருவி மாறலாம். ஒருவர் எடுத்துக் கொடுக்க, கூட்டம் வாங்கிப் பாடும் அமைப்பு மாறக்கூடாது. பேச்சு வழக்குச் சொல் மாறக்கூடாது. பாட்டு யாருடைய வலியைச் சொல்கிறதோ அவருடைய முகம் மறையக்கூடாது. உலக அளவிலும் இதுதான் அனுபவம். 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் 'ரேடியோஹெட்' ராக் குழு கிட்டாரைப் பின்னுக்குத் தள்ளி மின்னிசைக்கு மாறியபோது ரசிகர்கள் திகைத்தார்கள். பின்பு அதையே கொண்டாடினார்கள். ஒலி மாறினாலும் உள்ளே பாட்டு இருந்ததே காரணம்.

பாட்டு யாருக்குச் சொந்தம்?

காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் பாடியவர்களில் ஒருவர் அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு. அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். அந்தப் பாட்டியின் வாழ்க்கை 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' என்ற பாடலாக வந்தது. அறிவும் தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரித்த அப்பாடலில் ஒப்பாரியும் மின்னிசையும் கலந்திருந்தன. கோடிக்கணக்கானோர் அதைக் கேட்டனர்.

ஆனால் 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாடல் ஒலித்தபோது மேடையில் அறிவு இல்லை. பாடலின் உருவாக்கத்தில் தம் பங்கை விளக்கி அவர் பகிரங்கமாக எழுதினார். அது கூட்டு முயற்சி என்று சந்தோஷ் நாராயணனும் தீயும் தம் விளக்கத்தை அளித்தனர். 2024இல் சந்தோஷ் நாராயணன் இன்னொன்றும் சொன்னார்: அப்பாடலால் தங்கள் மூவருக்கும் வருமானமே வரவில்லை என்பதுதான் அது.

இவர்களில் யார் சொல்வது சரி என்று தீர்ப்பு வழங்குவது இங்கே நோக்கமல்ல. உலகமே கேட்ட ஒரு பாட்டுக்கே உரிமை இத்தனை சிக்கலாக இருக்கிறது என்றால், யாரும் பதிவு செய்யாத தோட்டப் பாட்டுகளின் கதி என்ன?

நெகிரி செம்பிலானின் பால்மரக் காடுகளில் பல செம்பனையாக மாறிவிட்டன. நீலாயிலும் செண்டாயானிலும் தோட்டங்கள் இருந்த இடத்தில் புது நகரங்கள் எழுந்துள்ளன. லயம் போனது, கோயில் இடம் மாறியது, மக்கள் வீடமைப்புப் பகுதிகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். அங்கே சாவு வீட்டில் ஒப்பாரி வைக்க ஆள் இல்லை. வைத்தால் பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் வேறு. பாட்டைக் கொன்றது கணினி அல்ல. அது பாடப்பட்ட இடமும் பாடியவரின் பெயரும் அழிந்ததுதான் அதைக் கொன்றது.

இன்று தைப்பூசத்தில் உறுமி மேளம் அடிக்கும் பிள்ளைகளிடம் தாளம் இருக்கிறது. அவர்கள் கைப்பேசியில் ஒலிப்பதிவுக் கருவியும் இருக்கிறது. வீட்டு மூலையில் அமர்ந்திருக்கும் பாட்டியிடம் பாட்டு இருக்கிறது. இந்த மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் காலம் இன்னும் அதிக நாள் நீடிக்காது.

பிள்ளைகள் பாட்டியின் பாட்டைப் பதிவு செய்யட்டும். பிறகு அதற்குக் கிட்டார் சேர்க்கட்டும், கணினித் தாளமும் சேர்க்கட்டும். ஆனால் முதலில் மூன்று விவரங்களை எழுதி வைக்கட்டும்: பாடியவர் பெயர், அவர் வாழ்ந்த தோட்டத்தின் பெயர், பதிவு செய்த ஆண்டு. துரைமார்களின் பெரட்டுப் புத்தகத்தில் கூலிக் கணக்குக்காக மட்டும் எழுதப்பட்ட அந்தப் பெயர்கள், பேரப் பிள்ளைகளின் கையால் ஒரு முறையாவது பாட்டுக்காக எழுதப்படட்டும்.