பிச்சாவரம் துடுப்புப் படகுச் சுற்றுலா

கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அலையாத்திக் காட்டில் நடைபெறும் படகுச் சுற்றுலா. படகுத்துறையைத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது. துடுப்பு வலிப்போர் பெரும்பாலும் சுற்றுப்புறக் கிராமத்தினர். விசைப்படகுகள் அகன்ற கால்வாய்களோடு நின்றுவிடும். சுரபுன்னை வேர்கள் இருபுறமும் இறங்கிய குறுகிய ஓடைகளுக்குள் செல்வது கைத்துடுப்புப் படகே. கயாக் போன்ற சிறு படகுகளும் இத்தகைய இடத்துக்கே பொருந்தும்: ஆழம் வேண்டாம், எண்ணெய் கசியாது, எழுப்பும் அலை கரையை அரிக்காது.

இந்தக் காடு ஒருமுறை அழிவின் விளிம்புவரை சென்றது. பல பத்தாண்டுகள் பகுதி பகுதியாக மரங்களை அடியோடு வெட்டியதால் தரை தாழ்ந்தது, தேங்கிய கடல்நீர் வற்றி உப்பேறியது, கன்றுகள் பிழைக்கவில்லை. சென்னைத் தரமணியில் உள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1990களில் வனத்துறையுடனும் ஊராருடனும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓதநீர் வந்துபோக வழிசெய்தது. நட்ட வெண்கண்டல் கன்றுகள் தழைத்தன. பராமரிப்பில் கிராமங்களுக்குப் பங்கு அளித்ததே இம்முயற்சியின் உண்மையான பலம்.

2004 ஆழிப்பேரலையின்போது காட்டுக்குப் பின்னிருந்த குடியிருப்புகளில் சேதம் குறைந்தது. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தோடு பிச்சாவரமும் 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. கையால் இறால் பிடிக்கும் இருளர் பழங்குடியினரின் பிழைப்பும் இதே ஓடைகளில்தான். படகுகளின் எண்ணிக்கையையும் நேரத்தையும் வகுக்கும்போது அவர்கள் தேவையே முதலில் கணக்கில் வரவேண்டும்.