பள்ளம் தோண்டுறாங்க, யாரு பார்க்கிறாங்க?

போன மாசம் ஆவடி பக்கம் ரோடு அகலப்படுத்த வெட்டின பள்ளம் ஒண்ணை நின்னு பார்த்தேன். மேலே குப்பை மண், அதுக்குக் கீழே செம்மண் சரளை. நடுவுல பானை ஓடு ரெண்டு மூணு துருத்திட்டு இருந்தது. எந்தக் காலத்து ஓடுன்னு சொல்ற படிப்பு எனக்கு இல்லை. தெரிஞ்சவரைக் கூட்டிட்டுப் போகலாம்னு இருந்தேன். ரெண்டு நாள் கழிச்சுப் போனா கான்கிரீட் போட்டு முடிச்சிருந்தாங்க.

இது ஏன் உறுத்துதுன்னா, நம்ம ஊர் தொல்லியலே ஒரு சரளைக் குழியில் ஆரம்பிச்சதுதான். 1863 மே 30 அன்று இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். யாரோ சரளைக்காகத் தோண்டிப் போட்ட மண்ணில் அது கிடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். அங்கே கிடைத்த கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் அறிவித்தார்கள். அந்த இடம் இருக்கும் கொசஸ்தலையாற்றுப் பகுதி ஆவடிக்கு ஒண்ணும் ரொம்ப தூரமில்லை.

சரி, சட்டம் என்ன சொல்லுது? மத்திய அரசு பாதுகாக்கும் சின்னம் என்றால் 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதைத் தாண்டி 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். ஆனால் இந்தப் பாதுகாப்பு ஏற்கெனவே பட்டியலில் உள்ள இடத்துக்குத்தான். மண்ணுக்குள்ளே இருப்பது எந்தப் பட்டியலில் இருக்கும்? அதுக்கு 1878-ம் ஆண்டு புதையல் சட்டம் இருக்கு. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கணும். உடைஞ்ச பானை ஓட்டுக்கு யார் பத்து ரூபா விலை போடுவாங்க?

அயர்லாந்தில் எம்3 நெடுஞ்சாலை போடும் முன் பாதை நெடுக ஆய்வு செய்தார்கள். 2007-ல் லிஸ்முல்லினில் சுமார் 80 மீட்டர் விட்டமுள்ள, மரக்கம்பங்கள் நட்ட பழைய வட்டம் ஒன்று வெளிப்பட்டது. முழுசா அகழ்ந்து பதிவு செய்தார்கள். பிறகு ரோடும் வந்தது. அங்கேயும் சண்டை நடந்தது, ஆனால் பதிவாவது மிஞ்சியது.

ரோடு வேண்டாம்னு நான் சொல்லலை. சி.டி.எச். ரோட்டில் காலை ஒன்பது மணிக்குப் போறவன் யாரும் அப்படிச் சொல்ல மாட்டான். என் தொழிலில் பேக்கப் எடுக்காமல் டேட்டாவை அழித்தால் வேலை போயிடும். மண் விஷயத்தில் மட்டும் அதைத் தினமும் செய்யறோம். ஜே.சி.பி. வெட்டும்போது, விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் கூட நின்று மண் அடுக்கைப் படம் எடுத்துக் குறித்து வைத்தாலே பாதி கிணறு தாண்டின மாதிரி.

நீங்கள் எதையாவது பார்த்தால் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. எந்த ஆழத்தில், எந்த அடுக்கில் இருந்தது என்பதுதான் அதன் வரலாறு. ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ அன்றைக்கே சொல்லுங்க. ரெண்டு நாள் தள்ளிப்போட்டு ஏமாந்தவன் சொல்றேன்.