கார்க் கண்ணாடியின் இரண்டு பக்கம்: அமெரிக்கப் பொலிஸும் துவக்கு வைத்திருந்த ஒரு சாரதியும்

2016 ஜூலை 6ஆம் திகதி இரவு ஒன்பது மணியளவில், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஃபல்கன் ஹைற்ஸ் என்ற சின்ன நகரத்தில் ஒரு காரைப் பொலிஸ் மறித்தது. பிரேக் லைற் எரியவில்லை என்பது சாரதியிடம் சொன்ன காரணம். காரை ஓட்டியவர் பிலாண்டோ காஸ்டீல். வயது 32. ஒரு பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையின் மேற்பார்வையாளர். கறுப்பினத்தவர். பக்கத்தில் அவருடைய காதலி, பின் சீற்றில் காதலியின் நாலு வயது மகள்.

லைசன்ஸையும் காப்புறுதி அட்டையையும் கேட்டார் ஜெரோனிமோ யானெஸ் என்ற பொலிஸ் அலுவலர். காப்புறுதி அட்டையைக் கொடுத்த காஸ்டீல், தன்னிடம் துவக்கு இருப்பதைச் சொல்லவேண்டும் என்று, 'சேர்' போட்டு, அமைதியாகச் சொன்னார். அதற்கு அவரிடம் அனுமதிப்பத்திரம் இருந்தது. அப்படியென்றால் அதில் கை வைக்காதே என்றார் யானெஸ். எடுக்கவில்லை என்றார் காஸ்டீல். சில வினாடிகள்தான். ஏழு வெடி.

அதற்குப் பிறகு நடந்ததைக் காதலி பேஸ்புக்கில் நேரலையாகக் காட்டினார். உலகமே பார்த்தது. நாங்கள் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். பல வருடம் கழித்து அந்த வழக்கைத் தேடி வாசித்தபோது எங்களுக்கு எழுந்த கேள்வி ஒன்றுதான்: அந்த மனுசன் என்ன பிழை விட்டார்?

சட்டப்படி ஒன்றுமில்லை. 2003க்குப் பிறகு மினசோட்டாவில் தகுதியுள்ள யாரும் அனுமதி எடுத்துத் துவக்கு கொண்டு திரியலாம். பொலிஸ் கேட்டால் அனுமதிப்பத்திரத்தைக் காட்டவேண்டும், அவ்வளவுதான். காஸ்டீல் கேட்காமலே சொன்னார். உண்மையைச் சொன்னது அவரைக் காப்பாற்றவில்லை. அந்தச் சில வினாடிகளைப் புரிந்துகொள்ள ஐம்பது வருடம் பின்னுக்குப் போகவேண்டும்.

துவக்கோடும் சட்டப் புத்தகத்தோடும்

1966இல் கலிபோர்னியாவின் ஓக்லாண்ட் நகரத்தில் ஹியூயி நியூட்டனும் பொபி சீலும் கருஞ்சிறுத்தைகள் கட்சியைத் தொடங்கினார்கள். அவர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று பொலிஸைக் கண்காணிப்பது. கறுப்பின ஆட்களைப் பொலிஸ் றோட்டில் மறித்தால், கொஞ்சம் தள்ளி இவர்களும் தங்கள் காரை நிறுத்துவார்கள். கையில் வெளிப்படையாகத் துவக்கு, கூடவே சட்டப் புத்தகம். மறிக்கப்பட்ட ஆளுக்கு அவருடைய உரிமை என்ன என்று அங்கிருந்தே சத்தமாகச் சொல்வார்கள். அப்போதைய கலிபோர்னியச் சட்டத்தில் இதற்குத் தடை இருக்கவில்லை.

அரசின் பதில் என்ன? பொலிஸ் ஆட்களை மறிக்கும் விதம் மாறவில்லை, சட்டம் மாறியது. பொது இடத்தில் குண்டு நிரப்பிய துவக்கோடு திரிவதைத் தடுக்கும் மல்ஃபோர்ட் சட்டம் 1967இல் வந்தது. அந்தச் சட்டமூலத்தை எதிர்த்துச் சிறுத்தைகள் மே 2ஆம் திகதி துவக்குகளோடு மாநில சட்டமன்றத்துக்குள்ளேயே போனார்கள். அது சட்டம் நிறைவேறுவதை இன்னும் வேகப்படுத்தியது. கையெழுத்திட்டவர் ஆளுநர் றொனால்ட் றேகன், பிறகு துவக்கு உரிமைக்காரர்களின் நாயகனாகிய அதே றேகன்.

ஆக, துவக்கு வைத்திருப்பது உரிமையா, ஆபத்தா என்ற கேள்விக்குச் சட்டப் புத்தகம் மட்டும் பதில் சொல்வதில்லை. அது யாருடைய கையில் இருக்கிறது என்பதும் பதிலின் ஒரு பாதி.

நியூஹோல், 1970

அதற்காகப் பொலிஸின் பயம் வெறும் நடிப்பு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 1970 ஏப்ரல் 5ஆம் திகதி நள்ளிரவை ஒட்டி, அதே கலிபோர்னியாவில் நியூஹோல் என்ற இடத்தில், ஒரு காரில் வந்தவர் துவக்கைக் காட்டி மிரட்டினார் என்ற முறைப்பாட்டின் பேரில் நெடுஞ்சாலைப் பொலிஸ் அந்தக் காரை மறித்தது. உள்ளே இருந்த இருவரும் சுட்டார்கள். ஐந்து நிமிடத்துக்குள் நான்கு பொலிஸ்காரர் செத்துப்போனார்கள். நாலு பேருக்கும் வயது 23, 24. எங்களைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட.

அமெரிக்கப் பொலிஸ் பயிற்சியின் வரலாறு நியூஹோலுக்கு முன், நியூஹோலுக்குப் பின் என்று பிரிந்தது. ஆயுதம் இருக்கும் என்று தெரிந்த காரைத் தனியாக நெருங்காதே, உதவி வரும்வரை பொறு, தூரத்தில் மறைப்பெடுத்து நின்று ஆட்களை ஒவ்வொருவராக வெளியே கூப்பிடு என்ற முறைகள் பிறகு பரவலாகின. கவனித்துப் பார்த்தால் இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: அவசரப்படாதே. நியூஹோல் கற்றுத்தந்த நல்ல பாடம் முந்திச் சுடுவதல்ல, தூரத்தையும் நேரத்தையும் கூட்டுவது.

நீதிமன்றம் பயத்தை எடைபோட்ட விதம்

ஆனால் பயம் வேறொரு வழியாலும் போய்ச் சட்டத்துக்குள் புகுந்தது. பிலடெல்பியாவில் ஹரி மிம்ஸ் என்பவரின் காரைக் காலாவதியான இலக்கத்தகட்டுக்காக மறித்த பொலிஸ், அவரை வெளியே இறங்கச் சொன்னது. இறங்கியபோது மேற்சட்டைக்குக் கீழே ஒரு புடைப்பு தெரிந்தது. தடவிப் பார்த்தால் கைத்துப்பாக்கி. எந்தச் சந்தேகமும் இல்லாமல் சாரதியை இறங்கச் சொல்லலாமா என்பதுதான் வழக்கு. சொல்லலாம் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொலிஸார் சுடப்பட்ட சம்பவங்களில் ஏறக்குறைய 30 சதவீதம், காரில் இருக்கும் ஆளை நெருங்கும்போது நடந்தவை என்ற ஒரு ஆய்வைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. அந்த ஆய்வு சாதாரணப் போக்குவரத்து மறிப்புகளைப் பற்றியதே அல்ல என்ற சிக்கலை, மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ் கிளப்பினார். அது எடுபடவில்லை.

1989இல் கிரஹம் வழக்கு. டெத்தோர்ன் கிரஹம் ஒரு நீரிழிவு நோயாளி. சீனி குறைந்து வருவதை உணர்ந்து, தோடம்பழச் சாறு வாங்க நண்பனின் காரில் கடைக்குப் போனார். வரிசை நீளம் என்று அவசரமாகத் திரும்பி ஓடிவந்தார். அந்த அவசரம் பொலிஸுக்குச் சந்தேகம். காரை மறித்தார்கள், விலங்கு போட்டார்கள், அந்த அமளியில் அவருடைய பாதம் முறிந்தது. பொலிஸ் பாவித்த பலம் சரியா பிழையா என்பதை, அந்த இடத்தில் நின்ற 'நியாயமான ஒரு அலுவலர்' என்ன நினைத்திருப்பார் என்பதை வைத்தே அளக்கவேண்டும், பிறகு ஆறுதலாக இருந்து யோசித்து அல்ல என்று உச்ச நீதிமன்றம் ஒரு அளவுகோலை வகுத்தது. இன்றுவரை அதுதான் அளவுகோல்.

மூன்றாவது, 1996இன் வ்ரென் வழக்கு. போக்குவரத்து விதி ஒன்று உண்மையிலேயே மீறப்பட்டிருந்தால் போதும், மறித்ததன் பின்னால் இருந்த உண்மையான நோக்கம் என்ன என்று நீதிமன்றம் தோண்டாது என்று ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது.

மூன்றையும் சேர்த்து வாசியுங்கோ. சின்னக் காரணத்துக்கு மறிக்கலாம், வெளியே இறக்கலாம், பயந்து சுட்டால் அந்தப் பயத்தைப் பொலிஸின் கண்ணாலேயே பார்ப்போம்.

திரும்பத் திரும்பக் காட்டப்பட்ட வீடியோ

1998 ஜனவரியில் ஜோர்ஜியா மாநிலத்தில் கைல் டிங்க்ஹெல்லர் என்ற 22 வயது அலுவலர் வேகமாக ஓடிய ஒரு வாகனத்தை மறித்தார். சாரதி கீழே இறங்கிச் சத்தம் போட்டார், சொல்லுக் கேட்கவில்லை, திரும்பிப் போய் வாகனத்திலிருந்து நீளத் துவக்கை எடுத்தார். போடச் சொல்லித் திரும்பத் திரும்பக் கத்திய டிங்க்ஹெல்லர் கடைசியில் கொல்லப்பட்டார். எல்லாம் அவருடைய காரில் இருந்த கமராவில் பதிவானது. அதன்பிறகு நாடு முழுவதும் பயிற்சிக்கு வந்த பொலிஸாருக்கு இந்த வீடியோ போட்டுக் காட்டப்பட்டது. தயங்கினால் சாவாய் என்பதுதான் பலர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம்.

யானெஸும் 2014இல் 'புல்லட்ப்ரூஃப் வொரியர்' என்ற பெயருடைய ஒரு பயிற்சிக்குப் போனவர். 'குண்டு துளைக்காத போர்வீரன்'. பிரேக் லைற் பார்க்கிற வேலைக்கு இப்படி ஒரு பெயர்!

அந்த இரவில் தவறிப்போனவை

இப்போது திரும்பவும் 2016க்கு வருவோம். மறிப்பதற்கு முன்பே யானெஸ் வானொலியில் தன் சக அலுவலருக்கு வேறொரு காரணம் சொல்லியிருந்தார்: சாரதி ஒரு கொள்ளைச் சந்தேகநபர் போல இருக்கிறார், அகன்ற மூக்கு. பிரேக் லைற் என்பது வ்ரென் திறந்துவிட்ட கதவு. காஸ்டீல் அதற்கு முன்னரும் ஏறக்குறைய 46 தடவை மறிக்கப்பட்டவர், பெரும்பாலும் சின்னச் சின்ன விதிமீறல்களுக்கு.

கண்ணாடிக்குப் பக்கத்தில் நடந்தது இன்னும் முக்கியம். கையில் ஆயுதம் இருக்கக்கூடிய சாரதியோடு பேசுவதற்கு எளிய முறைகள் இருக்கின்றன. சாரதி எஞ்சினை நிற்பாட்டி, உள் லைற்றைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்ரியரிங்கில் வைத்திருக்கவேண்டும். எதையும் எடுக்க முதல் சொல்லவேண்டும். பொலிஸ், துவக்கு எங்கே இருக்கிறது என்று கேட்கவேண்டும், கையை எங்கே வைக்கவேண்டும் என்று தெளிவாகச் சொல்லவேண்டும், தேவையென்றால் பின்னுக்கு விலகி நேரம் எடுக்கவேண்டும்.

யானெஸ் முதலில் லைசன்ஸைக் கேட்டார். லைசன்ஸை எடுக்கக் கையை அசைக்கத்தான் வேண்டும். துவக்கைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அதில் கை வைக்காதே என்றார். கையை ஸ்ரியரிங்கில் வை என்று சொல்லவேயில்லை. ஒரு கட்டளைக்குக் கீழ்ப்படிந்தால் மற்றக் கட்டளையை மீறியது மாதிரித் தெரியும். துவக்கு காஸ்டீலின் காற்சட்டைப் பொக்கற்றுக்குள்தான் இருந்தது.

அதே காரின் மற்றப் பக்கத்தில், காதலி இருந்த கண்ணாடியோடு, இரண்டாவது பொலிஸ் அலுவலர் ஒருவர் நின்றார். அதே இருட்டு, அதே சாரதி. அவர் தன் துவக்கை உறையிலிருந்து எடுக்கவேயில்லை. 'நியாயமான ஒரு அலுவலர்' என்ன செய்திருப்பார் என்ற கேள்விக்கு இதைவிட நெருக்கமான சாட்சி எங்கே கிடைக்கும்?

உயிருக்குப் பயந்துதான் சுட்டேன் என்றார் யானெஸ். 2017 ஜூன் 16ஆம் திகதி ஜூரி அவரை விடுதலை செய்தது. துவக்கு உரிமைக்காக எதற்கும் குரல் கொடுக்கும் தேசிய றைபிள் சங்கம், கொலை நடந்த கையோடு, விசாரணை நடக்கும்போது கருத்துச் சொல்வது சரியல்ல என்று ஒதுங்கிக்கொண்டது. இன்னொன்றையும் மறைக்கக்கூடாது: காஸ்டீல் இறந்த அடுத்த நாள் டலஸ் நகரத்தில், பொலிஸ் வன்முறைக்கு எதிரான ஊர்வலத்தில் காவலுக்கு நின்ற ஐந்து பொலிஸாரை ஒருவர் சுட்டுக் கொன்றார். பயம் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஆனால் ஒரு பக்கத்துப் பயத்துக்கு மட்டும்தான் சட்டத்தில் இடம் இருக்கிறது.

பயத்தின் அளவு

2019இல் ஜோர்டன் பிளேயர் வூட்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் புளோரிடாவின் 200க்கும் மேற்பட்ட பொலிஸ் பிரிவுகளின் பத்து வருடப் பதிவுகளை ஆராய்ந்தார். சாதாரணப் போக்குவரத்து மறிப்புகளில் ஒரு அலுவலர் கொல்லப்படுவது 65 இலட்சம் மறிப்புக்கு ஒன்று என்பது அவருடைய மதிப்பீடு. நியூஹோல் உண்மை, டிங்க்ஹெல்லர் உண்மை. ஆனால் 65 இலட்சத்தில் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மிச்ச எல்லாரையும் நெருங்கினால் என்ன நடக்கும் என்பதும் உண்மை.

2022இல் வீட்டுக்கு வெளியே துவக்கு கொண்டு திரிவதும் அரசியலமைப்பு உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அதற்கு அனுமதிப்பத்திரமே தேவையில்லை. அப்படியென்றால் இனி மறிக்கப்படும் எந்தக் காரிலும் துவக்கு இருக்கலாம், அது குற்றமுமல்ல. பழைய பயத்தோடு இந்தப் புதிய உரிமை எப்படி ஒத்துப்போகும்?

சிலர் எளிய விடை ஒன்றைக் கண்டார்கள்: தேவையில்லாமல் மறிக்காதே. மிம்ஸ் வழக்கு பிறந்த அதே பிலடெல்பியாவில், 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, ஒரு பிரேக் லைற் எரியாதது போன்ற எட்டுச் சின்ன விதிமீறல்களுக்காக மட்டும் பொலிஸ் காரை மறிக்கமுடியாது. யானெஸ்மேல் வழக்குப் போட்ட மாவட்ட வழக்குத்தொடுநர் ஜோன் சோய், வீதிப் பாதுகாப்போடு தொடர்பில்லாத இப்படியான மறிப்புகளில் இருந்து மட்டும் கிடைத்த ஆதாரத்தை வைத்துப் பெரும்பாலும் வழக்குத் தொடரமாட்டோம் என்று 2021இல் அறிவித்தார்.

எங்களுக்கு இதில் என்ன?

இங்கே நிலைமை வேறு. சாதாரண சனம் துவக்கோடு திரிவதில்லை. றோட்டில் மறிக்கும்போது துவக்கு ஒரு பக்கத்தில் மட்டும்தான். ஆனால் காஸ்டீல் இறந்த அதே 2016இல், ஒக்டோபர் 20ஆம் திகதி இரவு, கொக்குவில் குளப்பிட்டியில் மோட்டார் சைக்கிளில் வந்த யாழ் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் செத்துப்போனார்கள். முதலில் வீதி விபத்து என்றார்கள். பிரேத பரிசோதனையில் வெடிபட்ட காயம் தெரிந்தது. நிறுத்தச் சொல்லியும் நிற்கவில்லை என்பது பிறகு வந்த காரணம். ஐந்து பொலிஸார் கைதானார்கள். அந்த இரண்டு பேரிடமும் எந்த ஆயுதமும் இருக்கவில்லை.

மினசோட்டாவில் துவக்கு இருந்தது, கொக்குவிலில் இருக்கவில்லை. ஆகவே துவக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது. யார் மறிக்கிறார்கள், எதற்கு மறிக்கிறார்கள், பயந்தேன் என்று பிறகு சொன்னால் அதை யார் விசாரிக்கிறார்கள் என்று கேட்கவேண்டியிருக்கிறது. காஸ்டீலின் சம்பவத்தைப் பொலிஸ் காரின் கமரா முழுக்கப் பதிவு செய்தது. பொதுமக்களுக்கு அது காட்டப்பட்டது தீர்ப்பு வந்த பிறகுதான். ஆனாலும் காட்டப்பட்டது. யார் என்ன சொன்னார், எத்தனை வினாடி, மற்றப் பக்கத்து அலுவலர் எப்படி நின்றார் என்று இன்று நாங்கள் எழுத முடிவது அதனால்தான். குளப்பிட்டிச் சந்தியைப் பற்றி அப்படி எழுத எங்களிடம் ஒரு நிமிட வீடியோகூட இல்லை.